அம்மாவின் போனில் மூன்று வருடமாக யூபிளாக் ஒரிஜின்

போன கிழமை வெள்ளவத்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பன் கேட்டான்: "மச்சான், எங்கட தளத்துக்கும் நீ பிளாக்கர் போட்டுத்தான் வாறனியோ?" சின்னத் தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றில் வேலை செய்கிறான். விளம்பரக் காசில்தான் சம்பளம். ஓம் என்று சொன்னேன். அவன் வேறு கதைக்குப் போய்விட்டான். எனக்குத்தான் மனம் அதிலேயே நின்றது.

நான் போட்டிருக்கும் பிளாக்கர் யூபிளாக் ஒரிஜின்: இணையப் பக்கங்களில் விளம்பரங்களை வரவிடாமல் தடுக்கும், உலாவியில் சேர்க்கும் ஒரு நீட்சி. குரோம் உலாவி நீட்சிகளின் விதியை மாற்றி, இது அதில் ஓடாமல் போனதும் என் கணினியிலும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு மாறினேன். அம்மாவின் போனில் அதற்கு முன்பிருந்தே ஃபயர்ஃபாக்ஸ்தான்.

அம்மா காலையில் எழும்பியதும் பார்ப்பது மரண அறிவித்தல்களை. முன்பெல்லாம் படம் வந்த கையோடு கீழிருந்து ஒரு சூதாட்ட விளம்பரம் ஏறி, இறந்தவரின் முகத்தை மூடிவிடும். அதை மூடும் பெருக்கல் குறி எள்ளளவு. அம்மாவின் விரல் விளம்பரத்தில்தான் படும். ஒருமுறை அப்படிப் பட்டு, கேட்காத ஏதோ சேவையில் சேர்த்துவிட்டார்கள். ரீலோட் போடப் போடக் காசு வெட்டுப்பட்டது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. இப்போது "மானிப்பாயைப் பிறப்பிடமாகவும், கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட" என்று வாய்விட்டு வாசித்து, பிள்ளைகள், மருமக்கள் பெயர்வரை போகிறார். குறுக்கே ஒன்றும் வருவதில்லை. இந்த ஒன்றுக்காகவே யூபிளாக்கைச் செய்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ரேமண்ட் ஹில் 2014இல் தொடங்கியது, நன்கொடைகூட வாங்குவதில்லை. ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பான் பெரிய நிறுவனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு அவர்களின் விளம்பரங்களை உள்ளே விடுகிறது. அதனால்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

சட்டம் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற ஜெர்மன் பதிப்பகம் ஆட்பிளாக் பிளஸ் மீது போட்ட வழக்கில், விளம்பரத் தடுப்பான் சட்டவிரோதம் அல்ல என்று 2018இல் ஜெர்மனியின் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில், தேடல் விளம்பரங்களில் மோசடிக்காரர்கள் புகுந்திருக்கிறார்கள், தடுப்பான் பாவியுங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவித்தது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லி நண்பனுக்குப் பதில் சொல்ல முடியுமா? இரவிரவாக இருந்து செய்தி எழுதுகிறவன் அவன். நான் ஒரு சதம் கொடுக்காமல் வாசிக்கிறேன்.

சரி என்று அவன் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்தினேன், அம்மாவின் போனிலும். நாலாம் நாள் அதே சூதாட்ட விளம்பரம். எனக்கு வந்த கோபத்துக்கு அவனுக்கே அழைப்பு எடுத்தேன். "அது எங்களுக்கே தெரியாது மச்சான்" என்றான். பொய்யில்லை. பக்கம் திறக்கும் கணத்தில் எங்கேயோ ஏலம் நடந்து, வென்றவரின் விளம்பரம் வந்து விழுகிறது. தன் வீட்டு வாசலில் யார் நிற்கிறார் என்று வீட்டுக்காரனுக்கே தெரியாத ஏற்பாடு இது. காலி வீதிச் சாரிக்கடைப் படம் ஒன்றை நேரே உங்கள் தளத்திலேயே போடுங்கள், அம்மாவே ஆசையாகப் பார்ப்பா என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

கருவியில் குறை என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் ஐந்துக்கு மூன்றுதான் போடுகிறேன். அவன் முகம் கண்ணுக்குள் நிற்கும்போது அதற்கு மேல் கை போகவில்லை. என் கணினியில் அவன் தளம் இப்போதும் திறந்தே இருக்கிறது. அம்மாவின் போனில் அன்றே பூட்டிவிட்டேன்.