டிரைவர் அமைப்புகளின் விளக்கம் எங்கே இருக்க வேண்டும்? லினக்ஸ் பயனர் ஒருவரின் அனுபவம்

பல ஆண்டுகளாக என் அன்றாட வேலை முழுவதும் லினக்ஸ் மடிக்கணினிகளில்தான். வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒன்றின் அமைப்பை மாற்ற நேரும்போதெல்லாம், அதற்கான விளக்கம் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. டிரைவர் கோப்பின் விவரங்களைச் சொல்லும் மோட்இன்ஃபோ (modinfo) கட்டளை காட்டும் ஒருவரிக் குறிப்பு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் அளவுருக்களை (மாற்றக்கூடிய அமைப்பு மதிப்புகளை) தொகுத்துத் தரும் நீண்ட உரைக்கோப்பு, சில டிரைவர்களுக்கு மட்டும் எழுதப்பட்டுள்ள தனி ஆவணம், அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸின் (sysfs) கோப்புகளை விளக்கும் ஏபிஐ (ABI) அடைவு எனக் கெர்னலுக்குள்ளேயே நான்கு இடங்கள் இருக்கின்றன.

இவற்றில் நான் அதிகம் நம்புவது மோட்இன்ஃபோவைத்தான். அது காட்டும் வரி டிரைவரின் மாட்யூல் கோப்புக்குள்ளேயே இருப்பதால், என் கணினியில் உள்ள பதிப்புக்கு அது எப்போதும் பொருந்துகிறது. இணையத்தில் முதலில் கண்ணில் படும் ஆவணமோ பெரும்பாலும் புதிய கெர்னலுக்கானது. இன்டெல் வைஃபை டிரைவரான ஐடபிள்யூஎல்வைஃபையில் '11என்_டிசேபிள்' என்றோர் அளவுரு உண்டு. வைஃபை வேகம் குறைந்தால் அதில் 8 என்று எழுதுமாறு பலரும் சொல்வார்கள். பெயரைப் பார்ப்பவர் 802.11என் என்ற வைஃபை தரத்தின் வசதியையே அணைக்கிறோம் என்றுதான் நினைப்பார். 1 என்றால் முழுவதும் முடக்கம், 2 அனுப்பும் திசையில் தரவுப் பொட்டலங்களை ஒன்றாகத் திரட்டுவதை நிறுத்தும், 4 பெறும் திசையில் நிறுத்தும், 8 என்றாலோ அனுப்பும் திசையில் அதை இயக்கும் என்று மோட்இன்ஃபோவின் ஒற்றை வரி தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

ஆனால் ஒரு வரிக்குள் அடங்காதவையும் உண்டு. ஒலி டிரைவரின் 'பவர்_சேவ்' அளவுருவுக்கு, வினாடிகளில் நேரம், 0 என்றால் முடக்கம் என்பதோடு மோட்இன்ஃபோ நின்றுவிடுகிறது. மின்சேமிப்பு நிலை மாறும்போது ஒலிபெருக்கியில் 'டப்' என்ற ஓசை கேட்கலாம் என்பது கெர்னலின் ஒலி ஆவணங்களில்தான் இருக்கிறது. அந்த ஓசைக்குக் காரணம் தேடுபவருக்கு வேண்டியதும் அதுதான்.

இந்த இடைவெளியை நிரப்பும் முறையை ஏஎம்டி வரைகலைச் சில்லுகளுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவரில் பார்க்கிறேன். அளவுருவை அறிவிக்கும் வரிக்கு மேலேயே விரிவான விளக்கம் நிரல்குறிப்பாக எழுதப்பட்டு, ஸ்பிங்ஸ் (Sphinx) என்ற ஆவணமாக்கும் கருவி வழியாக ஆவணப் பக்கமாகவும் மாறுகிறது. கெர்னல் 2016இல் 4.8 பதிப்பிலிருந்து ஸ்பிங்ஸுக்கு மாறத் தொடங்கியதன் பலன் இது. அளவுருவைத் திருத்துபவரின் கண்ணெதிரே விளக்கமும் இருப்பதால், ஒன்று மாறி மற்றொன்று பழையதாகவே கிடக்கும் வாய்ப்பு குறைகிறது. புதிதாக டிரைவர் எழுதுபவர்கள் இதையே பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றையும் இப்படி நிரலுக்குள் வைத்துவிட முடியாது. ஒலிச் சில்லுகளுக்கான மாடல் பெயர்ப் பட்டியல் சில்லுக்குச் சில்லு வேறுபட்டு நீள்வதால், அது தனிக் கோப்பில் இருப்பதே சரி. பேட்டரி எத்தனை சதவீதத்தில் சார்ஜ் ஏறுவதை நிறுத்த வேண்டும் என்ற வரம்போ பல டிரைவர்களுக்கும் பொதுவான சிஸ்எஃப்எஸ் கோப்பு. அதை ஏபிஐ அடைவில் ஒரே இடத்தில் விளக்கியிருப்பது நியாயம். எனினும் திங்க்பேட் மடிக்கணினிக்கான டிரைவரை மோட்இன்ஃபோவில் பார்ப்பவருக்கு அப்படியொரு வசதி இருப்பதே தெரியவராது.

ஏஎம்டிஜிபியுவின் விரிவான விளக்கமும் மோட்இன்ஃபோவில் வருவதில்லை. அதனால் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும் ஒவ்வொரு கணினியிலும், அதன் கெர்னல் பதிப்புக்குரிய லினக்ஸ்-டாக் என்ற ஆவணத் தொகுப்பையும் சேர்த்தே நிறுவிக்கொள்கிறேன்.