கழற்றியது என்ன, மாட்டியது என்ன: மூன்று சிறப்புத் தாக்குதல் விமானங்கள்

இரண்டாம் உலகப்போரின் கனரகக் குண்டுவீச்சு விமானங்களில், ஒரே ஒரு வேலைக்கென்று உடம்பையே மாற்றிக்கொண்டவை சில உண்டு. எனக்கு அதிகம் பிடித்த மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 1943-இல் ஜெர்மன் அணைகளை உடைக்கப் போன பிரிட்டிஷ் லங்காஸ்டர், 1944-இல் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தேடிப் போன லங்காஸ்டர், அணுகுண்டு சுமப்பதற்காக 'சில்வர்பிளேட்' என்ற மறைபெயரில் தயாரான அமெரிக்க பி-29. மூன்றிலும் பட்டறைக்காரர்கள் தலையைச் சொறிந்தது ஒரே விஷயத்துக்குத்தான்: எதைக் கழற்றினால் அந்தச் சுமையோடு அவ்வளவு தூரம் போய், ஆள் பிழைத்துத் திரும்பி வர முடியும்?

அணை விமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பேர் பெரியது, ஆனால் தூரம் என்று பார்த்தால் போட்டியிலேயே இல்லை. ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதி லங்காஸ்டருக்குப் பழகிய பாதைதான். சிக்கல் குண்டில் இருந்தது. நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள உருளை, நிமிடத்துக்கு 500 சுற்று பின்னோக்கிச் சுழன்றபடி விழ வேண்டும். விழுந்து தண்ணீர்மேல் தவளைக்கல் போலத் தத்திப் போக வேண்டும். அதனால் குண்டறைக் கதவுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு கவட்டைக் கைகளில் உருளையை மாட்டினார்கள். சுழற்ற ஒரு மோட்டார், ஒரு பெல்ட். முதுகுத் துப்பாக்கிக் கூண்டும் போயிற்று. அங்கே இருந்தவர் மூக்குக் கூண்டுக்கு மாறினார். அவர் கால் கீழே படுத்திருக்கும் குண்டுவீச்சாளரின் தலையில் இடிக்காமல் இருக்க, குதிரைச் சேணத்தில் இருப்பது போன்ற கால்வளையம் கட்டிக் கொடுத்தார்கள்! 60 அடி உயரத்தை இருட்டில் அளக்க விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகள். ஒளிவட்டங்கள் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால் உயரம் சரி. எளிமையான, அழகான யோசனை. ஆனால் போன 19 விமானங்களில் 8 திரும்பவில்லை. உடைந்த மோனே அணையின் வெள்ளத்தில் இறந்த சுமார் 1,300 பேரில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கைதிகளும் தொழிலாளர்களும்தான்.

இனி டிர்பிட்ஸ். இதுதான் உண்மையில் தூரத்தின் கதை. கப்பல் நார்வேயின் வடகோடியில் நின்றபோது, ஸ்காட்லாந்திலிருந்து டால்பாய் என்ற பெரிய குண்டோடு போய்த் திரும்ப லங்காஸ்டருக்கு எட்டவில்லை. எனவே 1944 செப்டம்பரில் ரஷ்யாவின் யாகோத்னிக் தளத்துக்குப் போய், அங்கிருந்து தாக்கினார்கள். அடிபட்ட கப்பலை ஜெர்மானியர் டிரோம்சோவுக்குக் கொண்டுவந்தார்கள். அது தெற்கே வந்த அந்தக் கொஞ்ச தூரம் எல்லாவற்றையும் மாற்றியது. போக வர சுமார் 3,600 கிலோமீட்டர். கஷ்டம்தான், ஆனால் முடியாததில்லை.

சரி, எப்படி முடித்தார்கள்? முதுகுக் கூண்டைக் கழற்றினார்கள், ஏழு பேர் குழு ஆறானது. விமானியின் இருக்கைக் கவசத்தையும் எடுத்துவிட்டார்கள். மிச்சமான இடத்தில் ஒரு வெலிங்டன் விமானத்தின் உபரி டேங்கும், ஒரு மொஸ்கிட்டோ விமானத்தின் டேங்கும் ஏறின. எரிபொருள் 9,800 லிட்டரிலிருந்து 10,900-க்கு மேல் போனது. இவ்வளவு எடையைத் தூக்கப் பழைய எஞ்சின் போதாது. ஆகவே மற்ற தளங்களின் லங்காஸ்டர்களிலிருந்து வலுவான மெர்லின் 24 எஞ்சின்களைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் தெருவெல்லாம் பாத்திரம் கடன் வாங்குவோமே, அந்த மாதிரி. அக்டோபர் 29-ஆம் தேதி மேகம் மறைத்துவிட்டது. நவம்பர் 12-ஆம் தேதி வானம் தெளிவாக இருந்தது, கப்பல் கவிழ்ந்தது. பக்கத்திலேயே பார்டுஃபோஸ் தளத்தில் ஜெர்மன் சண்டை விமானங்கள் இருந்தும் வந்து சேரவில்லை. வந்திருந்தால், முதுகில் துப்பாக்கி இல்லாத அந்த லங்காஸ்டர்களின் கதி வேறு. அதைத் திறமை என்று சொல்ல மாட்டேன், சூதாட்டம்.

பி-29 பக்கம் வந்தால் எல்லாமே பணக்கார வீட்டு வேலை. இரவல் டேங்க் இல்லை. விமானங்கள் ஆலையிலிருந்தே மாற்றத்தோடு வந்தன. வால் துப்பாக்கி தவிர மற்ற எல்லாக் கூண்டுகளும் கவசமும் நீக்கம், சுமார் 3,300 கிலோ மிச்சம். எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் எஞ்சின்கள், தரையில் பின்னோக்கித் தள்ளக்கூடிய புரொப்பெல்லர்கள், சட்டென்று திறந்து மூடும் காற்றழுத்தக் கதவுகள்.

மாற்றாத பி-29 தூரத்துக்கு என்ன விலை கொடுத்தது என்று பார்க்கத் திருகோணமலைக்கே வரலாம். 1944 ஆகஸ்ட் 10 அன்று சீனக்குடாவிலிருந்து 54 விமானங்கள் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கக் கிளம்பின. போக வர ஏறக்குறைய 6,200 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஒவ்வொன்றும் தூக்கிப்போனது ஒரு டன் சுமை மட்டும். ஆலைக்குப் பெரிய சேதமில்லை.

மூன்றில் எது நல்ல வேலை என்று கேட்டால், என் ஓட்டு டிர்பிட்ஸ் லங்காஸ்டருக்கு. பி-29 வேலை முழுமையானது, மறுக்கவில்லை. ஆனால் அத்தனை செலவிலும் ஓட்டை இருந்தது. நாகசாகிக்குப் போன விமானத்தில், பின் குண்டறை டேங்கிலிருந்த சுமார் 2,400 லிட்டரை பம்ப் கோளாறால் எடுக்கவே முடியவில்லை. பயன்படாத அந்தப் பெட்ரோலையும் சுமந்துகொண்டே பறந்து, கடைசியில் ஒகினாவாவில் எஞ்சின் அணையும் நிலையில் இறங்கியது.

இன்னொன்று. 1944 தொடக்கத்தில் அமெரிக்காவின் மியூரக் தளத்தில் நடந்த பி-29 சோதனைகளில், எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தை இழுக்கும் கொக்கியை வைத்து, குண்டைத் தொங்கவிட அமெரிக்கர்கள் செய்த பிடி சொதப்பியது. சோதனைக் குண்டு ஒன்று மூடிய கதவின் மேலேயே விழுந்தது. அப்புறம் அவர்கள் அந்தப் பிடியைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்றை மாட்டினார்கள். ஹிரோஷிமா குண்டும் நாகசாகி குண்டும் அதில்தான் தொங்கின. அது டால்பாய் குண்டுக்காக லங்காஸ்டரில் பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்த ஒற்றைக் கொக்கி.