"ஆடி முடியட்டும் ஆன்ட்டி" என்று தேதி தள்ளுபவர்கள்: வாடகைக்கு வீடு விடுவோர் கவனத்துக்கு

குரோம்பேட்டையில் எங்கள் மாடி போர்ஷனில் இருந்தவர்கள், ஜூன் கடைசியில் காலி செய்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் அவர்களாகவே எழுதினார்கள். அதை வைத்துத்தான் வேறொரு குடும்பத்திடம் டோக்கன் அட்வான்ஸ் வாங்கினேன். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

ஜூன் முடிகிற நேரத்தில், "புது வீட்ல பெயின்ட் வேலை முடியல ஆன்ட்டி, பத்து நாள் குடுங்க" என்றார்கள். சரி என்றேன். பத்து நாள் கழித்து, "ஆடிக்கு ஒரு வாரம்தான் இருக்கு, ஆடியில வீடு மாத்த மாட்டோம், ஆவணி முதல் முகூர்த்தத்துல போயிடறோம்." கைக்குழந்தை இருக்கிற வீடு. முகத்தில் அடித்தாற்போல் யார் மறுப்பார்கள்? வரவிருந்த குடும்பம் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டது.

ஆவணியும் வந்தது, போனது. ஜூலையிலிருந்தே வாடகை தரவில்லை. கேட்டால் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்ற ஒரே பதில். மூன்று மாத அட்வான்ஸ் தீர்ந்த வாரம், நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாவி செருப்பு ஸ்டாண்டில் கிடந்தது. பாத்ரூமில் கீசரைக் காணோம், அது இருந்த இடத்தில் ஒயர் நுனி இரண்டும் டேப் கூட ஒட்டாமல் தொங்கின. குழந்தையை வைத்திருக்கிறவர்கள் செய்கிற வேலையா அது? இரண்டு மாத ஈபி பில்லும் என் தலையில். போன் எடுப்பதே இல்லை.

யாராவது கூடுதல் நாள் கேட்டால் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதுத் தேதியை இரண்டு பேரும் கையெழுத்திட்ட தாளில் எழுதி வாங்குங்கள். அந்த நாட்களுக்கான வாடகையைத் தனியாகக் கையில் வாங்குங்கள். அட்வான்ஸைத் தொடவே விடாதீர்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்து ஈபி கணக்கு முடித்த பிறகுதான் அது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தக் காலம் முடிந்தும் அப்படியே இருந்தால் மாதாமாதம் புதுப்பித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், ஆறு மாதம் வரை. முறைப்படி முடித்துவைத்த பிறகும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. எழுத்தில் இல்லையென்றால் எதை வைத்துக் கேட்பது?

"ஃபியூஸைப் பிடுங்கு, தண்ணியை நிறுத்து" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். செய்யாதீர்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை, புகார் நம் மேலேயே திரும்பும்.

தாம்பரம், பல்லாவரம் பக்கம் வீடு விடுகிறவர்கள், குடிவர வருபவர்களிடம் பழைய ஓனர் நம்பரைக் கேட்டுப் பேசிவிட்டு அட்வான்ஸ் வாங்குங்கள். நம்பர் தராமல் மழுப்பினால் வேறு ஆள் பாருங்கள்.