ஆறு பேர், 33,000 ரூபா, அரைப் போத்தல் சாராயம்: உப்புவெளி ‘பார் டூர்’ எடுக்குமுன் வாசியுங்கள்

திருகோணமலையில் சீசன் ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பர் வரை ஓடும். கச்சான் அடிக்கிற அந்த மாதங்களில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை கிடைப்பதே கஷ்டம். இப்போது அந்தக் கூட்டத்துக்குள் புதிதாக ஒரு வியாபாரம் இறங்கியிருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு கடற்கரையில் யாராவது ஒருவர் வந்து பேச்சுக் கொடுப்பார். “நாலு பார், நாலு ட்ரிங்க்ஸ், பைற்ஸ், வாகனம், கூட வர ஆள், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 5,500.” நீங்கள் தமிழில் பதில் சொன்ன உடனே குரல் மாறும். “அண்ணா, எங்கட ஆக்கள்தானே, உங்களுக்கு வெள்ளைக்காரன்ர விலை போடுவனா?”

அந்த ‘எங்கட ஆக்கள்’ என்ற இடத்தில்தான் பலர் விழுகிறார்கள். வெளிநாட்டுக்காரருக்குப் பயப்படுவதெல்லாம் அவர் இணையத்தில் எழுதிவிடுவார் என்பதற்காக. வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்து வருகிற பெடியள் வெட்கத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள், வீட்டுக்கும் சொல்ல மாட்டார்கள். கனடா, லண்டனிலிருந்து லீவுக்கு வந்தவர் ஒருவர் கூட இருந்தால் இன்னும் வசதி. அவர் மனதுக்குள் டொலரில் மாற்றிப் பார்த்து “இதென்ன பெரிய காசா” என்று கட்டிவிட்டுப் போய்விடுவார்.

இப்படி வந்த ஆறு பேருடைய ஓர் இரவின் கணக்கு கீழே. நடத்தியவர் பெயரோ கடைப் பெயரோ இங்கே வராது. இடம் மாறும், ஆள் மாறும், முறை அதேதான்.

டிக்கெட் ஆறுக்கும் 33,000 ரூபா, முற்பணமாகவே கைக்குப் போயாயிற்று. ஏழு மணி என்று சொன்னது ஏழு ஐம்பதுக்குத் தொடங்கியது. முதல் இடத்தில் ‘வரவேற்புக் கிளாஸ்’ வந்தது. 200 மில்லி பிளாஸ்டிக் கப், அதில் முக்கால்வாசி ஐஸ், மேலே ஜின்ஜர் பியர். சாராயம் அளவுக் கிண்ணத்தில் அளக்கப்படவில்லை. போத்தல் மூடியால் இரண்டு மூடி, கூடினால் 15 மில்லி. நாலு இடத்துக்கும் இதே அளவு என்று வைத்தாலும் ஆளுக்கு 60 மில்லி, ஆறு பேருக்கும் 360 மில்லி. அரைப் போத்தல் என்று கடையில் விற்பதே 375 மில்லி. அதாவது 33,000 ரூபாவுக்குள் இருந்த மது மொத்தமும் அரைப் போத்தலுக்கும் கொஞ்சம் குறைவு.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். சாராயம் 33.5 வீதம் என்று எடுத்தால் 60 மில்லியில் தூய அல்கஹோல் 20 மில்லி. 4.8 வீத லாகர் பியர் பெரிய போத்தல், 625 மில்லி, ஒன்றில் 30 மில்லி. நாலு ‘ட்ரிங்க்ஸும்’ சேர்ந்தாலும் ஒரு பியர்ப் போத்தலுக்கு வராது. ஐஸும் இனிப்பும் இருப்பதால் நாக்குக்குப் பிடிபடாது. பிடிபடாமல் இருப்பது அவர்களுக்கு நல்லது, ஏனென்றால் ஏறவில்லையே என்ற குறையோடு இரண்டாவது இடத்துக்குப் போகிறவர் அங்கே சொந்தக் காசில் ஓடர் பண்ணுவார். கூட்டிப் போகிற ஆளுக்கு அந்தக் கடையிலிருந்து கொமிஷன் கிடைப்பது அந்த ஓடருக்குத்தான். டிக்கெட் வெறும் தூண்டில்.

இரண்டாவது இடத்தில் மேசைக்கு ஒரு கணக்கு திறந்தார்கள். யார் எதைக் கேட்டாலும் கூட வந்தவர்தான் போய்ச் சொல்லி வருவார். ஒன்பது பியர் குடித்தார்கள். கேட்காமலே இரண்டு பிளேட் கணவாய் டெவல் வந்து இறங்கியது. பைற்ஸ் டிக்கெட்டுக்குள் இருப்பதாகச் சொன்னதால் யாரும் தடுக்கவில்லை. எழும்பும்போது கையால் எழுதிய துண்டு ஒன்று வந்தது. பியர் 14, ஒன்று 1,400 படி 19,600. கணவாய் இரண்டு பிளேட் 6,400. கூட்டினால் 26,000. சேவைக் கட்டணம் 10 வீதம் 2,600. அதற்கு மேல் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம் 5,148. மொத்தம் 33,748. கார்ட் நீட்டியபோது “மெஷினுக்கு 3 வீதம் கூட வரும்” என்று இன்னும் 1,012 சேர்ந்தது. உண்மையில் குடித்த ஒன்பது பியருக்கும் சேவைக் கட்டணத்தோடு 13,860 தான்.

இதில் ஒவ்வொரு வரியையும் மேசையிலேயே பிடித்திருக்கலாம். வெறும் போத்தலை மேசையை விட்டு எடுக்க விடாதீர்கள். காலுக்குக் கீழே நிரையாக நிற்கட்டும். எங்கள் ஊர்ப் பார்களில் கணக்கு முடிக்கிற பழைய வழி அதுதான், போத்தல் எண்ணினால் பேச்சுக்கு இடமில்லை. குடித்து முடிக்குமுன்னே வெறும் போத்தலை அள்ளிக்கொண்டு போகிற வெயிற்றர் துப்புரவுக்காக அள்ளுகிறார் என்று எல்லா நேரமும் நினைக்க வேண்டாம். முடிந்தால் கணக்கே திறக்காமல் சுற்றுக்குச் சுற்று காசு கொடுத்துவிடுங்கள்.

வற் வரி எல்லாக் கடையும் எடுக்க முடியாது. ஆண்டு வியாபாரம் குறிப்பிட்ட தொகையைத் தாண்டிப் பதிவு செய்த இடம்தான் எடுக்கலாம், பில்லில் வற் இலக்கம் இருக்க வேண்டும். ஒன்பது இலக்கம், அதன் பின்னால் 7000 என்று முடியும். மணலில் ஆறு மேசை போட்ட கொட்டிலில் கையால் எழுதிய துண்டில் 18 வீதம் கண்டால் “வற் நம்பர் எங்கே?” என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அந்த வரி மறைந்துவிடும். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வற்றும் பிறகு ஏறும் என்று அர்த்தம். 1,000 என்று கண்டது கட்டும்போது 1,298 ஆகும். கார்டுக்கு 3 வீதம் கூட எடுப்பது கடைக்கும் வங்கிக்கும் உள்ள ஒப்பந்தத்துக்கு விரோதம், மத்திய வங்கி இதைப் பகிரங்கமாகவே அறிவித்திருக்கிறது. பில்லைப் படமெடுத்து உங்கள் கார்டைத் தந்த வங்கிக்கு அனுப்பலாம். வெளிநாட்டுக் கார்ட் என்றால் மெஷின் எந்த நாணயம் என்று கேட்கும்போது ரூபாவையே அமத்துங்கள், மற்றதில் மாற்று விலையிலும் கொஞ்சம் போகும்.

கடலுணவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கணவாய், இறால், சிங்கிறால் போன்றவற்றுக்கு மெனுவில் இருப்பது பல இடங்களில் 100 கிராம் விலை. அது துப்புரவாக்க முன் நிறையா, பின் நிறையா என்று யாரும் சொல்வதில்லை. கணவாய் ஓடும் குடலும் போய், சட்டியில் தண்ணீரும் விட்டுச் சுருங்கினால் பிளேட்டில் வருவது நிறுத்ததில் பாதியளவுதான். தராசில் வைப்பதை நேரில் பாருங்கள், முழு விலையையும் சமைக்க முன்னே கேளுங்கள். தண்ணீர்ப் போத்தலுக்கு 2025 ஏப்ரலில் உச்ச விலை வந்தது. ஒரு லீற்றருக்கு 100 ரூபா. ‘டூர்’ கடைகளில் அது 300 ஆவதும் உண்டு.

மூன்றாவது இடம் பார் கிடையாது. வாகனத்தில் இருபது நிமிடம் சுற்றி, ஒரு வளவுக்குள் பிளாஸ்டிக் கதிரை, கலர் லைட், ஒரு குளிர்ப்பெட்டி. நாலாவது “இண்டைக்குப் பூட்டு.” டிக்கெட்டில் நாலு பார் என்று இருந்ததே தவிர எந்தப் பார் என்று ஒரு பெயரும் இருக்கவில்லை. காசு கொடுக்குமுன் நாலு பெயரையும் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளாஸிலும் எத்தனை மில்லி, என்ன மது என்பதையும். நேர்மையாகச் செய்கிறவருக்கு அது ஒரு நிமிட வேலை. சுற்றுலா அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அடையாள அட்டை கொடுக்கிறது, அதையும் காட்டச் சொல்லலாம். காட்ட மாட்டார்கள், ஆனால் கேட்ட முகத்தைப் பார்த்தாலே பாதி விளங்கும்.

உண்மையைச் சொன்னால் உப்புவெளியில் இதற்கு வாகனமே தேவையில்லை. அலஸ் தோட்டப் பக்கக் கடற்கரையில் ஒரு கடையில் இருந்து பார்த்தால் அடுத்த கடையின் லைட் தெரியும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலால் நடந்தே போகலாம். பிராக், லண்டன் மாதிரி நகரங்களில் இந்தப் பார் சுற்றுக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. தெரியாத தெருக்கள், வாசல் கட்டணம், ஆள் சேர்ப்பதால் கிடைக்கும் விலைக்கழிவு. அங்கேயும் தலைக்கு இவ்வளவு என்று பார்கள் வழிகாட்டிக்குக் கொடுப்பதுதான் வியாபாரம். பிராக் நகரசபை 2024இல் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒழுங்கு செய்து கூட்டிப் போகும் சுற்றுகளையே தடை செய்யத் தீர்மானித்தது. அந்த முறையை அப்படியே தூக்கிக் கொண்டுவந்து எங்கள் மணலில் வைத்தால் மிஞ்சுவது கொமிஷன் மட்டும்தான்.

அந்த வளவுக் கதைக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் காசு போனது பெரிய விஷயமில்லை. அனுமதி உள்ள இடத்தில் மதுவரித் திணைக்கள அனுமதிப்பத்திரம் இருக்கும். வளவில் இருக்காது. அங்கே வருவது எங்கே வடித்தது, எதோடு கலந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில் மெதனோல் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அதுவும் இளைஞர்கள் கூட்டமாகத் திரிகிற ஊர்தான். மெதனோலுக்குத் தனி மணமோ ருசியோ பிடிபடாது. முதலில் சாதாரண வெறி மாதிரித்தான் இருக்கும். பன்னிரண்டு மணித்தியாலம், சில நேரம் ஒரு நாள் கழித்துத்தான் வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, கண் முன்னால் பனி மூடின மாதிரி வெள்ளை என்று வரும். ‘ஹாங் ஓவர்’ என்று படுக்க விடக் கூடாது. 1990 அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் என்ன குடித்தது, எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் போத்தலையும் கொண்டு போங்கள்.

ஆகவே மூடி உங்கள் கண் முன்னால் உடைய வேண்டும், போத்தலில் மதுவரி ஸ்டிக்கர் இருக்க வேண்டும். ஜக்கில் கலந்து வருவதை, முக்கியமாக இலவசமாக வருவதை, தொடாதீர்கள். பெண்பிள்ளைகள் வந்திருந்தால் கிளாஸை மேசையில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்து அதையே குடிக்க வேண்டாம். ஐடென்ரி கார்டையோ பாஸ்போட்டையோ கணக்குக்கு ஈடாக வாங்கி வைக்கிற இடத்தில் உட்காரவே வேண்டாம். பில்லில் தகராறு வந்தால் அது உங்கள் கையில் இருக்காது.

போயாவையும், அதாவது பூரணை விடுமுறையையும், பார்த்துக்கொள்ளுங்கள். போயா நாளில் நாடு முழுக்க மது விற்பனைக்குத் தடை, வெசாக்கில் ஒரு நாளுக்கு மேலேயும் நீளும். சீசனுக்குள் மாதம் ஒன்றாக ஆறு போயாவாவது வரும். அந்தத் தேதிக்கும் டிக்கெட் விற்று, வந்த பிறகு தேத்தண்ணிக் கேத்தலில் பியர் ஊற்றிக் கொடுப்பார்கள். அதைச் சொல்லியே இரட்டை விலை எடுப்பார்கள், பொலிஸ் வந்தால் பின்பக்கத்தால் போனவர் திரும்பி வர மாட்டார். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு எந்த நாளும் விற்கக் கூடாது.

ஏமாந்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பில்லை வாங்காமல் எழும்பாதீர்கள், துண்டுக் கடதாசி என்றாலும் பரவாயில்லை, திகதியும் கடைப் பெயரும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த மறுப்பே நல்ல பேரம், பாதி நேரம் தொகை உடனே இறங்கும். விலை விஷயத்துக்கு நுகர்வோர் அதிகார சபை 1977, அனுமதி இல்லாத மதுவுக்கு மதுவரி 1913, சுற்றுலா அதிகார சபைக்கு 1912, அடிபிடி என்றால் 119. மேசையில் இருந்துகொண்டே சத்தமாக 1977 அடிப்பதற்கு இருக்கிற மரியாதை அடுத்த நாள் போடுகிற பெட்டிசத்துக்கு இல்லை.

திரும்பி வருவதற்கு மாலையிலேயே ஒழுங்கு செய்யுங்கள். இரவு நிலாவெளி வீதியில் பஸ் பார்த்து நிற்பது வீண். தங்குகிற இடத்துக்காரரிடம் ஒரு ஓட்டோக்காரரின் நம்பர் கேட்டு, போகவும் வரவும் விலை பேசி, வரும்போது முழுக்காசு என்று சொல்லிவிடுங்கள். டூர்க்காரர் கொண்டுவருகிற வாகனத்தில் ட்ரைவரும் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஒரு கப் அடிப்பார். நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம்தான் சட்ட எல்லை, மூன்றாவது இடத்துக்குப் பிறகு அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும். நீங்கள் பேசிய ஓட்டோக்காரருக்கும் சந்தோஷத்தில் ஒரு கிளாஸ் நீட்ட வேண்டாம். பசித்தால் ஒரு கொத்து வாங்கிக் கொடுங்கள்.