கொட்டேஷன் டேபிளில் கணக்கு: வேர்டா, லிப்ரே ஆபீஸ் ரைட்டரா?

கொட்டேஷன் பாதி கடிதம், பாதி கணக்கு. என்னென்ன வேலை, எது நம் பொறுப்பு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை நாளில் முடியும் என்று மூன்று நான்கு பத்தி எழுதிவிட்டு நடுவில் ஒரு டேபிள் போட வேண்டும். எக்ஸெல்லிலேயே போடலாமே என்பவர்கள், மெர்ஜ் செய்த கட்டங்களுக்குள் நீளமான தமிழ்ப் பத்திகளை அடித்து, அச்சில் கடைசி வரி வெட்டுப்படாமல் வரவழைத்துப் பார்க்கட்டும். பிறகு பேசுவோம்.

ஆக, கடிதம் அடிக்கும் மென்பொருளிலேயே கணக்கும் வேண்டும். வயரிங் வேலைக்குக் கொட்டேஷன் போடும் எனக்கு வேர்டும் தெரியும், லிப்ரே ஆபீஸ் ரைட்டரும் தெரியும். இப்போது ரைட்டருக்கு மாறிவிட்டேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ரைட்டர் இலவசம், வேர்டு காசு. தமிழ் யூனிகோட் இரண்டிலும் ஒழுங்காக வருகிறது. கூட்டல், பெருக்கல், சராசரி, ரவுண்ட் எல்லாம் இரண்டிலும் உண்டு.

கூகுள் டாக்ஸ் இந்தப் போட்டியிலேயே இல்லை. அதன் டேபிளில் கூட்டல்கூட வராது. கூகுள் ஷீட்ஸில் கணக்குப் போட்டு இணைப்போடு ஒட்டலாம். அங்கே எண் மாறினால் இங்கே 'அப்டேட்' பட்டன் வரும், அதை அழுத்த வேண்டும். வேர்டுக்குள் எக்ஸெல் ஷீட்டையே செருகுவது இன்னொரு வழி. கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு படம் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். நீளம் கூடினால் டேபிளைப் போல அடுத்த பக்கத்துக்கு ஓடாது, அங்கேயே வெட்டுப்படும்.

இனி இரண்டுக்கும் ஒரே டேபிளை வைத்துப் பார்ப்போம். நெடுவரிசைகள் ஐந்து: வரிசை எண், விவரம், அளவு, ரேட், தொகை. இரண்டு மென்பொருளிலும் இவற்றுக்கு ஏ முதல் ஈ வரை பெயர். (ஃபார்முலாக்களை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) முதல் வரிசை தலைப்பு. இரண்டாவது, லைட் பாயிண்ட் 24, ரேட் 650, தொகை 15,600. மூன்றாவது, பவர் பிளக் 8, ரேட் 1,100, தொகை 8,800. நான்காவது, டி.பி. பாக்ஸ் ஒன்று, 4,200. ஐந்தில் கூட்டுத்தொகை 28,600. அதன் கீழே சி.ஜி.எஸ்.டி. 9 சதவீதம், எஸ்.ஜி.எஸ்.டி. 9 சதவீதம், தலா 2,574. கடைசியில் மொத்தம் 33,748.

வேர்டில் தொகைக் கட்டத்தில் கர்சரை வைத்து, லேஅவுட் பட்டையில் 'ஃபார்முலா' பட்டனை அழுத்தி =சி2*டி2 என்று போடலாம். கூட்டுத்தொகைக்கு =சம்(அபவ்) என்று வேர்டே எடுத்துக் கொடுக்கும். ரைட்டரில் பட்டன் தேடவே வேண்டாம். காலிக் கட்டத்தில் = அடித்தால் மேலே ஃபார்முலா பட்டை திறக்கும். அளவுக் கட்டத்தை கிளிக் செய்து, * அடித்து, ரேட் கட்டத்தை கிளிக் செய்து என்டர் தட்டினால் முடிந்தது. கூட்டுத்தொகைக்கு சம் என்று அடித்துவிட்டு மவுஸால் மேலிருந்து கீழே இழுத்தால் போதும்.

இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை. கொட்டேஷன் போட்ட மறுநாள்தான் வித்தியாசம் தெரியும்.

பார்ட்டி போன் செய்து பவர் பிளக் இன்னும் இரண்டு வேண்டும் என்கிறார். எட்டைப் பத்தாக்குகிறோம். ரைட்டரில் அந்தக் கட்டத்தை விட்டு நகர்ந்ததும் தொகை 11,000, கூட்டுத்தொகை 30,800, மொத்தம் 36,344 என்று எல்லாம் தானாக மாறிவிடும். வேர்டில் அளவு மட்டும் பத்தாகும். தொகை 8,800, மொத்தம் 33,748 என்று பழையபடியே நிற்கும். வேர்டுக்கு அந்தத் தொகை ஒரு ஃபீல்டு. நாம் சொல்லாமல் அது மறுபடி கணக்குப் போடாது. கன்ட்ரோல் ஏ போட்டு எஃப்9 அழுத்த வேண்டும். அச்சுக்கு முன் ஃபீல்டுகளைப் புதுப்பிக்கும் வசதி ஆப்ஷன்ஸில் டிஸ்பிளே பகுதியில் இருக்கிறது. ஆனால் கோப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவருக்கு அது எதற்கு?

எஃப்9 அழுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை. என்னை மாற வைத்தது வரிசை சேர்ப்பது.

எர்த்திங் ஒன்று, 5,000 ரூபாய் என்று டி.பி. பாக்ஸுக்குக் கீழே ஒரு வரிசை சேர்க்கிறோம். கூட்டுத்தொகை ஐந்தாம் வரிசையிலிருந்து ஆறாவதுக்கு இறங்கிவிட்டது. வேர்டில் சி.ஜி.எஸ்.டி. ஃபார்முலா இன்னமும் =ஈ5*0.09 என்றே இருக்கும். ஈ5 என்பது இப்போது எர்த்திங். எஃப்9 அழுத்தினால் கூட்டுத்தொகை 35,800 என்று சரியாக வரும், சி.ஜி.எஸ்.டி. 450, எஸ்.ஜி.எஸ்.டி. 450 என்று வரும். மொத்தத்தின் ஃபார்முலா =ஈ5+ஈ6+ஈ7. அது எர்த்திங்கையும் கூட்டுத்தொகையையும் ஒரு சி.ஜி.எஸ்.டி.யையும் கூட்டி 41,250 காட்டும். சரியான தொகை 42,244. எஃப்9 ஒழுங்காக அழுத்தியும் 994 ரூபாய் நம் கையை விட்டுப் போகிறது. அந்த 450 பல்லிளிப்பதைக் கவனித்தால் தப்பித்தோம். அவசரத்தில் கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு 41,250 சந்தேகம் வரும் எண்ணே இல்லை. டி.பி. பாக்ஸுக்கு மேலே சேர்த்தால் இன்னும் மோசம், டி.பி. பாக்ஸின் ஃபார்முலா =சி4*டி4 என்றே நின்று, புது வரிசையின் தொகையைத் தன் தொகையாகக் காட்டும்.

ரைட்டர் இங்கே எக்ஸெல் போல நடந்துகொள்கிறது. வரிசை சேர்த்ததும் கூட்டுத்தொகை எங்கே போனதோ அங்கே ஜி.எஸ்.டி. ஃபார்முலாவும் பின்தொடரும். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். கடைசி ஐட்டத்துக்குக் கீழே சேர்த்தால் அந்த வரிசை கூட்டலின் எல்லைக்கு வெளியே போய்விடும். அதனால் எப்போதும் கடைசி ஐட்டத்துக்கு மேலேதான் சேர்ப்பேன். வேர்டின் சம்(அபவ்) இந்த ஒரு விஷயத்தில் கெட்டிக்காரத்தனம். எங்கே சேர்த்தாலும் மேலே உள்ளதை அள்ளிக்கொள்ளும். அதுவே அதன் வினையும். தலைப்புக் கட்டத்தில் 2025 என்று ஆண்டு இருந்தால் அதையும் தொகையில் சேர்த்துவிடும். நடுவில் காலிக் கட்டம் இருந்தால் கணக்கு பிசகும், அங்கே 0 போட்டு வைக்க வேண்டும். புது வரிசையின் தொகைக் கட்டத்துக்கு ஃபார்முலாவை நாமே போட வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

ரைட்டருக்கு வருகிறவர்கள் டேபிளில் வலது கிளிக் செய்து 'நம்பர் ரெகக்னிஷன்' (அடிக்கும் எண்ணை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும் வசதி) ஆன் செய்துகொள்ளுங்கள். வேலைக் கோப்பை அதன் சொந்த ஓ.டி.டி. வடிவத்திலேயே வையுங்கள். பார்ட்டிக்கு நான் அனுப்புவது பி.டி.எஃப். மட்டும், அதனால் அவரிடம் எந்த மென்பொருள் இருக்கிறது என்ற கவலை எனக்கு இல்லை. கோப்பை நாலு பேர் மாற்றி மாற்றித் திருத்தும் அலுவலகத்துக்கு இதே யோசனையைத் துணிந்து சொல்ல மாட்டேன். எல்லோரும் வேர்டில் இருந்தால் நீங்களும் வேர்டில் இருப்பதே நிம்மதி. என் டேபிள்கள் ஒரு பக்கத்தைத் தாண்டுவதும் அபூர்வம். நூறு ஐட்டம் உள்ள எஸ்டிமேட் என்றால் நானே எக்ஸெல் பக்கம் போய்விடுவேன்.

வேர்டிலேயே இருக்க வேண்டியவர்கள் ஈ5 என்று எழுதுவதை விடுங்கள். கூட்டுத்தொகையைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் பட்டையில் புக்மார்க் போய், அதற்கு ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வையுங்கள். இரண்டு ஜி.எஸ்.டி. தொகைகளுக்கும் அப்படியே. பிறகு கீழே உள்ள ஃபார்முலாக்களில் அந்தப் பெயர்களையே எழுதினால், எத்தனை வரிசை சேர்த்தாலும் ஜி.எஸ்.டி.யும் மொத்தமும் தடம் மாறாது. எஃப்9 மட்டும் அழுத்தியே ஆக வேண்டும்.