தேவாலயப் பதிவேடா, உயிலா? ஒரு காலணி வியாபாரியின் வேரைத் தேடி

1620-ல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போனவர்களில் வில்லியம் மல்லின்ஸும் ஒருவர். இங்கிலாந்தின் டார்க்கிங் ஊர்க்காரர், காலணி வியாபாரி. இப்படி ஒருவரின் குடும்பத்தைத் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது தேவாலயப் பதிவேட்டைத்தான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கச் சொல்லி அங்கே 1538-ல் ஆணை வந்தது. தேதி கிடைக்கும். ஆனால் அக்காலத்தில் தொழிலைக் குறிப்பது அபூர்வம். ஒரே ஊரில் இரண்டு வில்லியம் இருந்துவிட்டால் நம்மவர் யார் என்று பிரிப்பது பெரும்பாடு.

உயில் வேறு ரகம். 1621 பிப்ரவரியில், அவர்கள் அமெரிக்காவில் குடியேறிய பிளிமத்தின் முதல் குளிர்காலத்திலேயே மல்லின்ஸ் இறந்துபோனார். அவர் வாயால் சொன்னதை எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மனைவி ஆலிஸ், கூடவே வந்த பிள்ளைகள் ஜோசப், பிரிசில்லா, ஊரிலேயே தங்கிவிட்ட மூத்த மகன் வில்லியம், மகள் சாரா என்று கடலின் இரு கரையும் ஒரே தாளில் சேர்ந்துவிடுகின்றன. அப்புறம் சரக்கு: 21 டஜன் காலணி, 13 ஜோடி பூட்ஸ். நாற்பது பவுண்டுக்கு அவற்றை, குடியேற்றத்துக்குப் பணம் போட்ட கம்பெனியிடம் ஒப்படைக்கச் சொல்கிறார். அவர் செய்த தொழிலுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

சரி, உயிலிலும் குறை உண்டு. பெற்றோரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. எல்லோரும் உயில் எழுதியதும் இல்லை. பிரிசில்லாவின் கணவர், பீப்பாய் செய்யும் ஜான் ஆல்டன், 1687-ல் உயில் இல்லாமலே இறந்தார். அவர் விஷயத்தில் கைகொடுப்பது இறந்தபின் எடுத்த உடைமைப் பட்டியல்தான். பீப்பாய்க் கருவிகள் அதில் இருக்கின்றன.

என்னைக் கேட்டால், உயில் இருந்தால் அதில் தொடங்குங்கள். அதிலுள்ள பெயர்களோடு பதிவேட்டுக்குப் போங்கள்.