அல்கலைன் வாட்டர் மெஷின்: பருப்பு நன்றாக வேகிறது, மற்றபடி...

எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். விலை 1,75,000 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம், விற்றவர் சொந்தக்காரர், கல்யாணம் காட்சியில் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாங்கியது அம்மாவுக்காக. மார்பகப் புற்றுநோய், 21 நாளுக்கு ஒரு முறை கீமோ. இரண்டாவது கீமோ முடிந்து தலைமுடி கொட்டிய வாரம்தான் அண்ணி ஒருத்தர் சூட்கேஸோடு ஈரோட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். டெமோ பார்த்திருப்பீர்கள். நம் வீட்டு ஆர்ஓ தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள், அவர் கொண்டு வந்த தண்ணீரில் விட்டால் ஊதா. "பாருங்க கண்ணு, இத்தனை நாளா அம்மா குடிச்சது ஆசிட். கேன்சருக்கு ஆசிட்னா கொண்டாட்டம். இந்தத் தண்ணி கட்டியில இருக்கற ஆசிட்டை எடுத்துரும், கீமோவும் நல்லா ஏறும்" என்றார். நோட்டீஸில் ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் படம், அமிலம்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்று கண்டுபிடித்து 1931-இல் நோபல் பரிசு வாங்கினார் என்று கீழே ஒரு வரி. நான் படித்தவன்தான், ஆனாலும் அந்த நேரத்தில் யார் எதை நீட்டினாலும் வாங்கியிருப்பேன்.

முதலில் மெஷினைப் பற்றி. பார்க்க அழகு. உள்ளே பிளாட்டினம் பூசிய தட்டுகள், கரண்ட் பாய்ந்து தண்ணீரைப் பிரிக்கிறது, ஒரு குழாயில் காரத் தண்ணீர் (அதுதான் அல்கலைன்), இன்னொரு குழாயில் அமிலத் தண்ணீர். இரண்டாவது நேராகச் சிங்கில் கொட்டுகிறது, தண்ணீர் வண்டிக்காகக் காத்திருக்கும் தெருவில் இருப்பவர்களுக்கு இதைப் பார்க்கவே வயிறு எரியும். ஆர்ஓ தண்ணீரில் உப்புகள் இல்லாததால் மெஷின் சரியாக வேலை செய்யாது என்பதை வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். சரி என்று போர் தண்ணீரில் இணைத்தோம், மூன்றே வாரத்தில் குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்தது. சர்வீஸுக்கு ஆள் வர பதினோரு நாள், வந்தவர் சிட்ரிக் அமிலம் ஊற்றிக் கழுவிவிட்டு 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

இனி முக்கியமான விஷயம். அடுத்த கீமோவுக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன், சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "கட்டியைச் சுத்தி அமிலம் இருக்கறது நிஜம்தாங்க, ஆனா குடிக்கற தண்ணி அங்க போய் அதை மாத்தாது" என்றார். அப்புறம் நானே உட்கார்ந்து படித்தேன். நம் ஊர்க்காரர்களுக்குச் சாயப்பட்டறை மாதிரி என்று சொன்னால் புரியும். புற்றுச் செல் சர்க்கரையை அவசர அவசரமாக உடைத்து லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளுகிறது, கட்டிக்குள் ரத்தக் குழாய்கள் கோணல்மாணலாக இருப்பதால் அந்தக் கழிவு வடியாமல் அங்கேயே தேங்குகிறது. ரத்தத்தின் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.4-ஐ ஒட்டி இருக்கும், கட்டியைச் சுற்றி 6.5 முதல் 6.9 வரை இறங்கிவிடும். ஆக, அமிலம் கட்டி உண்டாக்கிய கழிவு. அம்மா சாப்பிட்ட புளிக்குழம்பால் வந்ததில்லை. வார்பர்க் கண்டது செல் சர்க்கரையை இப்படி உடைப்பதைத்தான், 1931 நோபல் அதற்குக்கூட இல்லை, செல்லின் சுவாச நொதி பற்றிய வேலைக்கு.

அந்த அமிலம் மருந்தைக் கெடுக்கிறது என்பதும் உண்மை. அம்மாவுக்கு ஏற்றும் அந்தச் சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், வலுவில்லாத ஒரு காரம், அமிலம் தேங்கிய இடத்தில் அதற்கு மின்னூட்டம் ஏறிவிடும், பிறகு செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகத் திணறும். நோயெதிர்ப்பு செல்களும் அங்கே சோர்ந்து போகின்றன. இதையெல்லாம் படித்ததும் ஒரு நிமிடம் 'அண்ணி சொன்னது சரிதானோ' என்றுகூட ஆகிவிட்டது.

ஆனால் அமெரிக்காவில் 2009-இல் எலிகளிடம் செய்து பார்த்தது மெஷின் தண்ணீரை வைத்து இல்லை, தண்ணீரில் நிறைய சோடா உப்பைக் (ஆப்பத்துக்குப் போடுவோமே, அது) கரைத்து. கட்டியின் அமிலம் குறைந்தது, நோய் பரவுவதும் குறைந்தது, ஆனால் முதல் கட்டி வளர்வது நிற்கவில்லை. அதே அளவை மனிதருக்குக் கணக்குப் போட்டால் தினமும் ஏறத்தாழ 12 கிராம் சோடா உப்பு. ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அந்தச் சுவை தாங்காமல் தொடர்ந்து குடிக்க முடியவில்லை. சீனாவில் ஹாங்சோ டாக்டர்கள் 2016-இல் வெளியிட்டது இன்னும் சுவாரசியம், கல்லீரல் கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்க்குள்ளேயே குழல் விட்டு, மருந்தோடு சோடா உப்புக் கரைசலையும் நேராகச் செலுத்தியிருக்கிறார்கள். குறைந்த நோயாளிகளிடம்தான், ஆனால் கட்டிகள் நன்றாகச் சுருங்கின. அந்த இடத்துக்கே கொண்டுபோய் விட வேண்டியிருந்தது, கவனியுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சோடா உப்பைக் கரைத்துக் குடிக்காதீர்கள், ரத்தத்தில் உப்புக் கணக்கே தலைகீழாகும், பிரஷர் இருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து.

நாம் குடிக்கும் காரத் தண்ணீர் முதலில் விழுவது வயிற்று அமிலத்தில். ஒரு நாள் ராத்திரி அடுப்படியில் அண்ணியின் டெமோவை நானே செய்து பார்த்தேன். ஊதா நிறத்தில் ஒரு டம்ளர், அதில் கால் ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, கலக்கக்கூட வேண்டாம், ஊற்றிய இடத்திலிருந்தே மஞ்சள் பரவியது. வயிற்று அமிலம் எலுமிச்சையைவிடக் கடுமையானது. மீறிக் கொஞ்சம் காரம் ரத்தத்துக்குப் போனாலும் நுரையீரலும் சிறுநீரகமும் சும்மா விடாது, வெளியே தள்ளிவிடும். "யூரின் டெஸ்ட் பண்ணிப் பாருங்க, பிஎச் ஏறியிருக்கும்" என்று அண்ணி நிறம் மாறும் காகிதப் பட்டை கொடுத்தாரே, அது உடம்பு வேண்டாம் என்று கொட்டுவதைக் காட்டும் பட்டை. அதிலும் கீமோ ஏற்றிய அன்று சிறுநீரே சிவப்பாக வரும், பட்டையில் என்ன நிறம் என்று அம்மாவும் நானும் விளக்கடியில் நின்று விவாதித்தது தனிக்கதை.

எரிச்சலின் உச்சம் கையேடு. 'இந்தத் தண்ணீரில் மாத்திரை விழுங்க வேண்டாம்' என்று 14-ஆம் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. காலையில் ஏழு மாத்திரை விழுங்கும் ஒரு மனுஷிக்கு இதை விற்றிருக்கிறார்கள்!

நல்லது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. துவரம்பருப்பு இரண்டு விசில் முன்னாடியே வெந்துவிடுகிறது, போர் தண்ணீரில் வேகாமல் அடம்பிடித்த கொண்டைக்கடலைகூட. ஐந்துக்கு ஒரு ஸ்டார், அது பருப்புக்கு.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன், 'பிரித்த மெஷினை எடுக்க மாட்டோம், வேண்டுமானால் நீங்களும் இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள், கமிஷன் வரும்' என்றார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "வார்டுல என் பக்கத்துப் பெட்டுக்காரிகிட்ட மட்டும் இதப் பத்திப் பேசிராத" என்றார். இப்போது அவர் குடிப்பது கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், வாய் கசக்கும் நாளில் அதில் ஒரு சிட்டிகை சீரகம்.

மெஷின் 60,000-க்குக் கொடுக்கத் தயார், பருப்பு வேக வைக்க மட்டும் என்று சொல்லித்தான் கொடுப்பேன்.